வில்பத்துக் காட்டில் இரண்டாம் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் கொழும்புக்குச் செல்வோரிற் பெரும்பாலார் வில்பத்துக் காட்டின் அருகாகவே செல்கின்றனர். ஆயினும் அக்காட்டைக் கண்டவர் அவருள் மிகச் சிலரே. அநுராதபுரத்தைக் கடந்து, நொச்சியாகமை வழியாகப் புத்தளத்தை நோக்கி வண்டி ஓடும் வேளை நடுநிசியாகும். பயணிகள் எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பர். அந்த நேரத்தில் வலப்புறமாகப் பிரியும் ஒரு சிறு வழியே ஹுணுவில்கம என்னும் காட்டுவாயிலுக்குச் செல்வது. நாமும் பல்லாண்டு காலம் அவ்வாறே உறங்கிக்கொண்டு போனவர்கள்தாம்.

அளவெட்டியிற் பிறந்தவனுக்குக் காடு என்பது கதையிற் கேட்ட பொருள். எங்கள் ஊரிலே வயல் உண்டு, தோட்டம் உண்டு, பனங்கூடல் உண்டு. ஆறும் இல்லை, மலையும் இல்லை, காடும் இல்லை. கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலில் திருவிழாப் பார்த்துவிட்டு இரவிலே வீடு திரும்பும் சிறுவர்க்கு நரியின் ஊளையே பெரிய பயங்கரம். கோழிக்கூட்டை உடைக்கும் மரநாயைவிடக் கொடிய விலங்கை நாம் இளமையிற் கண்டதில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இடப்பெயர்விலே வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எமக்கு வயது 15. அப்போதும் தென்மராட்சியளவிலே தங்கி, அடுத்த ஆண்டு ஊர் திரும்பியவர்கள் நாங்கள். வன்னிக் காட்டை எட்டவில்லை.

எம் இல்லத்தரசியின் கதை வேறு. அவள் பிறந்தது வன்னியிலே, ஒட்டுசுட்டான் பக்கம். வீட்டு வேலிக்கு அப்பாற் காடு. தேனும் பாலைப்பழமும் அவளுக்குக் கடைச் சரக்குகள் அல்ல. பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் அந்தக் காடே வீடாயிற்று. ஊர் ஊராக ஓடி, மரங்களின் கீழே தறப்பாள் கட்டி இருந்து, ஈற்றிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே மீண்டும் தறப்பாளின் கீழ் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, 2010இல் வெளிவந்தவள் அவள். 2011 தை மாதத்தில் எமக்கு மணம் நிகழ்ந்தது.

அவ்வாண்டு ஆவணி விடுமுறையில், புதுமணத் தம்பதிகள் எங்கேனும் போய்வர வேண்டும் என்று நண்பர்கள் தூண்ட, வில்பத்துக்குப் போவதென நாமே முடிவு செய்தோம். அவளைக் கேட்டோமா என்பது இப்பொழுது நினைவில் இல்லை. கேட்டிருப்போம், புது மணப்பெண் என்ன மறுமொழி சொல்லியிருப்பாள் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

ஓமந்தையிலே வண்டியை விட்டு இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, மறுபடியும் ஏறிச் சென்ற காலம் அது. காட்டின் எல்லையிலே ஓர் ஆற்றோரம், பயணிகளுக்கென்று கூடாரங்கள் அமைத்திருந்தார்கள். பிற்பகலில் ஜீப் வண்டியிலே காட்டினுள்ளே சென்றோம். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெரியவர், மிக நல்லவர். மணற்பாதையிலே பதிந்திருந்த காற்சுவடு ஒன்றைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "கொட்டி..." என்று தொடங்கியவர், எங்களைத் திரும்பிப் பார்த்து, அச்சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, "லெப்பர்ட்" என்றார்.

சிங்களத்திலே சிறுத்தைக்குக் 'கொட்டியா' என்று பெயர். புலிக்கும் அதுவே பெயர். போர்க்காலத்திலே அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பதையும், சோதனைச் சாவடிகளிலே அது எந்தத் தொனியிலே ஒலித்தது என்பதையும் யாழ்ப்பாணத்து வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் அன்பினாலேதான் அச்சொல்லை விழுங்கினார். ஆனால், விழுங்கப்பட்ட சொல் வண்டியை விட்டு இறங்கவில்லை. அன்று மாலை முழுவதும் எங்களுடனேயே வந்தது. சிறுத்தை மட்டும் வரவில்லை.

இரவு கூடாரத்திற் படுத்தோம். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்றிலே கூடாரத்துணி விம்முவதும் அறைவதுமாக இருந்தது. நடுச்சாமத்திலே விழித்துப் பார்த்தால் அருகில் அவளைக் காணவில்லை. வெளியே ஒரு மரக்குற்றியின்மேல் அமர்ந்திருந்தாள். யானை வருமென்று சொல்லியிருந்தார்களே என்று பதறிக் கேட்டோம். அவள் சொன்னது இவ்வளவே: "தறப்பாள் சத்தம் கேட்குது. என்னாலை உள்ளுக்குப் படுக்க ஏலாது. நீங்கள் படுங்கோ."

நாம் படுக்கவில்லை. விடியும்வரை இருவரும் வெளியிலேயே இருந்தோம். மறுநாட் காலைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தும் அதனைக் கைவிட்டு முதல் வண்டியிலே ஊர் திரும்பினோம். அதன்பின் 14 ஆண்டுகள் அந்தக் காட்டின் பெயர் எங்கள் வீட்டிலே பேசப்படவில்லை.

இவ்விடத்தில் அக்காட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நலம். வில்பத்து 1905ஆம் ஆண்டிலே சரணாலயமாகவும், 1938இலே தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைத் தீவுகளோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். வடக்கே மோதரகம் ஆறு, தெற்கே கலா ஓயா, மேற்கே கடல். கடலோரத்திலே குதிரைமலை என்னும் முனை உண்டு. அல்லியரசாணி அங்கே அரசாண்டாள் என்பது நம்மவர் வழங்கும் கதை. விசயன் வந்திறங்கியதும் குவேனி வாழ்ந்ததும் இக்கரையிலேதான் என்பது சிங்கள மக்கள் வழங்கும் கதை. இரண்டு கதைகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டு காடு பேசாமல் இருக்கிறது.

இக்காட்டின் தனிச் சிறப்பு 'வில்லு'க்கள். கட்டப்பட்ட குளங்கள் அல்ல. மழைநீர் தானாகவே தங்கும் ஆழமற்ற பெரிய பள்ளங்கள். சுற்றிலும் புல்வெளி, அதற்கு அப்பால் அடர்ந்த காடு. நீர் வற்ற வற்றப் புல்வெளி அகலும். மேய வரும் விலங்குகளும் பெருகும். பத்து வில்லுகள் உள்ளமையால் வில்பத்து என்பாரும் உளர். 'பற்று' என்ற ஊர்ப்பிரிவுச் சொல்லே பத்து ஆயிற்று என்பாரும் உளர். எமக்குப் பின்னையதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எங்கள் கொக்குவில், இணுவில், மட்டுவில் என்னும் பெயர்களின் இறுதியில் நிற்கும் 'வில்'லும் நீர்நிலையைக் குறிப்பதே என்று சில அறிஞர் கருதுவர். வில்பத்திலே 'கொக்கரை வில்லு' என்று ஓர் உவர்நீர்நிலை உண்டு என்று அறிந்தபோது, கொக்குவிலுக்குத் தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டதுபோல மகிழ்ந்தோம்.

போர் இக்காட்டையும் விடவில்லை. 1985இல் இங்கே சிங்கள மக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1988 முதல் 2003 வரை வனம் பூட்டிக் கிடந்தது. திறந்து மூன்றாண்டு கழிந்த சிறிது காலத்திலே, 2006 மே மாதத்தில், கண்ணிவெடி ஒன்றிலே சிக்கிப் பயணிகள் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நிஹால் டி சில்வா என்னும் ஆங்கில எழுத்தாளர். ஆனையிறவிலிருந்து புறப்படும் ஓர் இராணுவ அதிகாரியும் இயக்கத்துப் பெண்ணொருத்தியும் இதே வில்பத்துக் காட்டின் வழியே உயிர்தப்பி நடப்பதை நாவலாக எழுதி, 2003இல் கிரேஷன் பரிசு பெற்றவர் அவர். அந்த இருவரையும் பேசவைப்பது பறவைகள்மீது இருவருக்கும் உள்ள விருப்பமே. எந்தக் காட்டிலே தம் பாத்திரங்களை நடக்கவிட்டாரோ அந்தக் காட்டிலேயே ஆசிரியரின் உயிர் போயிற்று. மறுபடியும் பூட்டப்பட்ட வனம் 2010இல் திறக்கப்பட்டது. நாங்கள் முதலிற் சென்றது அதற்கு அடுத்த ஆண்டு.

இனி, இரண்டாவது பயணத்துக்கு வருவோம். சென்ற 2025ஆம் ஆண்டு வைகாசியில் ஒருநாள், எங்கள் மூத்த மகள் பாடப்புத்தகத்தை மடியிலே வைத்துக்கொண்டு தாயைக் கேட்டாள்: "அம்மா, நீங்கள் காட்டுக்குள்ளை இருந்தனீங்களாமே, யானை பாத்தனீங்களா? கரடி பாத்தனீங்களா?" தாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஓம், பாத்தனான்" என்றாள். "என்ன செய்தது?" என்று பிள்ளை விடவில்லை. மறுமொழி கிடைக்கவில்லை. அன்றிரவு அவளே எம்மிடம் வந்து, "இஞ்சேருங்கோ, வில்பத்துக்கு ஒருக்காப் போவம். முதல் நாங்கள் இரண்டு பேரும். எனக்குச் சரிவந்தால், பிறகு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றாள். வேறு எங்காவது போவோமே, சுண்டிக்குளம் பக்கத்திலேதானே இருக்கிறது, 2015 முதல் அதுவும் தேசிய வனம், பறவைகள் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். அவள் இணங்கவில்லை. கட்டிட விடுதியிலே அறை எடுப்போம் என்றோம். அதற்கும் இணங்கவில்லை. "கூடாரந்தான் வேணும்" என்றாள்.

பிள்ளைகளை அப்பம்மாவிடம் விட்டுவிட்டு ஜூன் மாதத்திலே பொசன் விடுமுறையை ஒட்டிப் புறப்பட்டோம். ஓமந்தையில் இறங்க வேண்டியிருக்கவில்லை. அநுராதபுரமோ வெள்ளுடை உடுத்த யாத்திரிகர்களால் நிறைந்து வழிந்தது. பொசன் காலத்திலே அவ்வூர்ப் பக்கம் வேறு அலுவலாகப் போகக்கூடாது என்பது நாம் கற்ற பாடம். 5 நிமிட வழிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எனினும் ஒரு நன்மை. வீதியோரத்துத் தன்சல் ஒன்றிலே இளைஞர் சிலர் வண்டியை மறித்து, சோறும் கறியும் தந்து, உண்டு முடிக்கும்வரை விட்டபாடில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். "யாப்பனய" என்றோம். "அப்படியானால் இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்றான் அகப்பை பிடித்தவன்.

மறுநாட் காலை 6 மணிக்கு வாயில் திறக்கும்போதே ஜீப்பில் இருந்தோம். இம்முறை வழிகாட்டி 22 வயது இளைஞன். எம்மைச் 'சேர்' என்றும் அவளை 'அக்கா' என்றும் அழைத்தான். அக்கா என்னும் சொல் இரு மொழிக்கும் பொது ஆகையால் அது காதுக்கு இதமாக இருந்தது. எம் சிங்களம் தட்டுத் தடுமாறி நடப்பது. இல்லத்தரசியின் சிங்களம் நன்றாக ஓடும். எங்கே கற்றீர்கள் என்று அவ்விளைஞன் வியந்து கேட்டான். "முகாமில், தண்ணி வரிசையிலே" என்று அவள் சொல்ல, அவன் சற்று நேரம் பேசாமல் வண்டியின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காட்டின் மேற்குப் பகுதியை அணுக, பாதை செக்கச் சிவந்த மண்ணாக மாறியது. எமக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. இது வெறும் தோற்ற ஒற்றுமை அன்று. குடாநாட்டின் அடியிலே கிடக்கும் சுண்ணாம்புப் பாறைதான் மேற்குக் கரையோரமாகப் புத்தளம்வரை தொடர்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டி, எருவும் குழையும் தாழ்த்து, வெங்காயமும் புகையிலையும் விளைவித்து நம்மவர் பண்படுத்திய அந்தச் செம்மண், மனிதன் கை படாதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை வில்பத்திலே காணலாம். வலிகாமமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்ததோ என்று எண்ணிக்கொண்டு, எம்மை அறியாமலே ஒரு சிறு விரிவுரையைத் தொடங்கினோம். இல்லத்தரசி கையமர்த்தினாள். அவள் பார்வை மண்ணில் இல்லை, மரத்தில் இருந்தது.

"பாலை" என்றாள். "பலு" என்றான் இளைஞன். "வீரை" என்றாள். "வீர" என்றான். இருவரும் சிரித்தார்கள். முதிரையைக் காட்டினாள், கருங்காலியைக் காட்டினாள், அவன் கும்புக் என்றதை மருது என்றாள். தாம் பார்க்க வந்தவர்களா, காட்டிக் கொடுக்க வந்தவர்களா என்று ஐயுறும்படி ஆயிற்று. ஐந்திணை படிப்பிக்கும் எமக்குப் பாலை என்றால் வறண்ட நிலம். வன்னியிற் பிறந்தவளுக்குப் பாலை என்றால் பழம். அது பழுக்கும் காலமும் இதுவே. மரத்தின் கீழே மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. "இப்ப மேலை பாருங்கோ. கீழை கிடக்கிறதைத் தின்ன மான் வரும். மேலை இருக்கிறதைத் தின்ன வேறை ஆள் வரும்" என்றாள்.

சொல்லி அரைமணி ஆகவில்லை. ஒரு பெரிய பாலையின் கவட்டிலே கருங்கம்பளிப் பொதிபோல ஒன்று அசைந்தது. கரடி! வழிகாட்டிக்கு முன்னரே அவள்தான் கண்டாள். முன்னங்காலால் கிளையை வளைத்து இழுத்து, இலையும் பழமுமாக வாயிலே திணித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டார் சிறுத்தையைக் காண ஆயிரம் மைல் கடந்து வருகின்றனர். ஆனால் வன்னிக் காட்டிலே தேன் எடுக்கப் போவோர் சிறுத்தைக்கு அஞ்சுவதைவிடக் கரடிக்கே அதிகம் அஞ்சுவர். சிறுத்தை மனித வாடைக்கு விலகிவிடும். கரடியோ கண் மங்கலானது. திடீரென எதிர்ப்பட்டால் எழுந்து நின்று முகத்தைக் குறிவைக்கும். அவளுடைய தந்தையாரின் தோழர் ஒருவர் ஒரு கண்ணோடுதான் வாழ்ந்தாராம். அதனை அவள் அன்றுதான் எமக்குச் சொன்னாள். தந்தையாரோடு சிறுமியாகக் காட்டுக்குப் போனதையும், தேன்வதை பிழிந்ததையும், மரையின் குரலுக்கும் மானின் குரலுக்கும் வேறுபாடு அறிந்ததையும் தொடர்ந்து சொன்னாள். 14 ஆண்டு இல்லறத்திலே, காடு என்ற சொல்லுக்கு அவள் வாயிலிருந்து நாம் கேட்டிருந்த பொருள் ஒன்றே. அதற்கு முன்னே வேறொரு காடு இருந்தது என்பதை அறிய இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பிழை எம்முடையது, நாம் அதனைக் கேட்டதே இல்லை.

வில்லுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றிலே முதலைகள் வாய் பிளந்து வெயில் காய்ந்தன. இன்னொன்றின் கரையிலே புள்ளிமான் கூட்டம். தொலைவிலே ஒற்றை யானை புல்லை உதைத்துப் பிடுங்கி, மண்ணைத் தட்டி உதிர்த்து உண்டது. நண்பகலில், வண்டியை விட்டு இறங்க விடும் ஓரிடத்திலே, கட்டிக்கொண்டு போன புட்டை உண்டோம். குரங்குகள் பங்கு கேட்டன.

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். வளைவொன்றிலே வண்டி திரும்பியதும் இளைஞன் துள்ளி எழுந்து, "அக்கா! கொட்டியா! கொட்டியா!" என்று அடித்தொண்டையிலே கூவினான்.

எமக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது. பழைய பெரியவர் விழுங்கிய சொல்லை இந்தப் பிள்ளை எவ்விதத் தயக்கமும் இன்றிச் சொல்லிவிட்டான். போர் முடியும்போது அவனுக்கு ஆறு வயது. அச்சொல்லின் மற்றப் பொருள் அவனுக்குத் தெரியாமல் இராது. ஆனால் அந்தக் கணத்தில் அவன் கண்ணுக்கு முன்னாலே இருந்தது மஞ்சள் நிறத்திலே கரும்புள்ளி இட்ட ஒரு விலங்கு மட்டுமே. இல்லத்தரசியின் முகத்தைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. "எங்கை? எங்கை?" என்று எழுந்து, அவன் தோளைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

செம்மண் பாதையின் நடுவிலே சிறுத்தை படுத்திருந்தது. தலையைத் திருப்பி எங்களை ஒருமுறை நோக்கிற்று. இலங்கைக் காட்டிலே அதற்கு மேலான வேட்டை விலங்கு இல்லை. சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை. ஆகையால் பதுங்கும் வழக்கம் அதற்கு அதிகம் இல்லை என்பர். 1956இல் தெரணியகல என்னும் அறிஞர் இந்நாட்டுச் சிறுத்தையைத் தனிக் கிளையினமாக வகுத்தபோது விலங்கியற் பெயரிலும் 'கொட்டியா' என்றே சேர்த்தார். அது ஆறுதலாக எழுந்து, முதுகை நெளித்துச் சோம்பல் முறித்து, வீரைப் பற்றைக்குள்ளே நடந்து மறைந்தது. எல்லாம் இரண்டு நிமிடம். "கொட்டியா" என்று அவளும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

இரவு வந்தது. எம் அச்சம் எல்லாம் அதைப் பற்றியதே. இக்காலத்துக் கூடாரம் முன்னையதைப் போன்றதன்று. கட்டிலும் மின்விசிறியும் குளியலறையும் உண்டு. ஆனால் துணி துணிதான், சோளகம் சோளகந்தான். ஒன்பது மணிக்கெல்லாம் காற்று எழுந்து, கூடாரம் விம்மத் தொடங்கியது. "விளக்கை அணைக்கட்டே?" என்று கேட்டோம். "அணையுங்கோ" என்றாள். சற்றுப் பொறுத்து, "சத்தம் அதேதான்" என்றாள். "வெளியிலை போய் இருப்பமே? நானும் வாறன். நீர் யோசியாதையும்" என்றோம். மறுமொழி இல்லை. காற்று அறைந்தது, தொலைவிலே மான் ஒன்று கத்தியது, மறுபடியும் கத்தியது. "மரை" என்று இருளிலிருந்து அவள் திருத்தினாள். அதன்பின் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

உறங்காமல் இருந்தவர் நாம். நாலு மணிவரை கூடாரத்துணியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம். ஓராண்டுக்கு மேல் ஒவ்வோர் இரவும் அவள் இதைக் கேட்டிருக்கிறாள் என்பதை, கேட்டுப் பார்த்தபின்தான் அறிந்தோம்.

வனத்திலிருந்து எதனையும் எடுத்துவரலாகாது என்பது சட்டம். ஆகவே திரும்பும் வழியிலே, மாங்குளம் தாண்டி வீதியோரத்திற் பெண்ணொருத்தி கடகத்தில் வைத்து விற்ற பாலைப்பழத்தை இரண்டு சுண்டு வாங்கினோம். இல்லத்தரசி ஒன்றை வாயிலிட்டுப் பார்த்து, இது நேற்றைய பழம் என்று குறை சொல்லி, விலையைக் குறைத்துக்கொண்டாள். அளவெட்டிக்கு வந்து சேர இருட்டிவிட்டது. பிள்ளைகள் பழத்தை அள்ளி உண்டு, பால் பட்டு ஒட்டிக்கொண்ட உதடுகளோடு கரடியைப் பற்றிக் கேட்க, தாய் படியிலே அமர்ந்து, முன்னங்காலால் கிளையை வளைப்பது எப்படி என்று கையாலே நடித்துக் காட்டினாள். ஆவணி விடுமுறைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மூத்தவள் நாட்காட்டியை எடுத்துவர உள்ளே ஓடினாள்.